சாண்டோரினி: 11 நிமிடம் மட்டுமே காத்திருந்து கீழே இறங்கினோம்!

வணக்கம் நண்பர்களே. குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது, காலையிலிருந்து கடற்காற்று. உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் ஒரு செங்குத்துப் பாறை, அதன் உச்சியில் உப்பைக் கொட்டி வைத்ததுபோல வெள்ளையாக ஒரு வரிசை தெரிகிறதா? அதுதான் ஃபிரா. கிரீஸ் நாட்டுச் சாண்டோரினித் தீவின் தலைநகரம். அங்கிருந்து இப்போதுதான் இறங்கி வந்தோம். எவ்வளவு நேரம் காத்திருந்தோம் தெரியுமா? 11 நிமிடம்! 12.50-க்கு வரிசையில் நின்றோம், 1.01-க்கு ரோப்காரில் உட்கார்ந்துவிட்டோம். கடிகாரத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

இதற்குப் போய் இவ்வளவு ஆனந்தமா என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். 2023 ஜூன் மாதக் காணொளியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அன்றைக்கு மாலை நான்கு மணிக்கு இதே வரிசையில் போய் நின்றேன். ஐந்து கப்பல்கள் வந்திருந்த நாள். சந்து சந்தாக வளைந்து போன அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று, கடைசிப் படகு போய்விடுமோ என்ற பதற்றத்தில் வயிற்றைப் பிசைந்தது இன்னும் மறக்கவில்லை. இந்த முறை அம்மாவையும் அழைத்து வந்திருக்கிறேன். அவருடைய முழங்கால் சங்கதி உங்களுக்குத் தெரியும். அப்படியொரு வரிசையில் அவரை நிறுத்தவே கூடாது என்று சென்னையில் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

நேற்றிரவு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் மனம் ஆறவில்லை. கப்பலில் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யும் மேசைக்குப் போனேன். "அம்மாவுக்கு முழங்கால் வலியா? அப்படியானால் எங்கள் சுற்றுலாவில் வந்தே ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது" என்றார் அங்கிருந்தவர். ஒருவருக்கு 129 யூரோ. இரண்டு பேருக்கு 258, நம் பணத்தில் ஏறக்குறைய 26,000 ரூபாய்! விலையைக்கூட மன்னித்துவிடுவேன். வேறு வழியே கிடையாது என்று ஒரு வயதானவரைப் பயமுறுத்தினாரே, அதுதான் தாங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தச் சுற்றுலாவில் போகிறவர்களை அதினியோஸ் என்ற மற்றொரு துறையில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் மேலே ஏற்றுவார்கள். ஏறுவது சுகம்தான். ஆனால் கடைசியில் ஃபிராவில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இறங்குவதற்கு அவர்களும் அதே ரோப்கார் வரிசையில்தான் நிற்க வேண்டும். இதை அந்த மேசையில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஏன் இத்தனை நெரிசல் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், புரிந்தால்தான் தப்பிக்க முடியும். நாம் மிதந்துகொண்டிருக்கும் இந்த இடம் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம். கடல் படுஆழம், நங்கூரம் போட முடியாது. ஆகவே கப்பல் நடுவிலேயே நிற்கும், உள்ளூர்க்காரர்களின் படகுகள் வந்து நம்மைக் கரைக்கு அழைத்துப் போகும். அந்தக் கரை பழைய துறைமுகம், ஸ்காலா என்பார்கள். ஒரு சின்னக் கல்திட்டு, நாலைந்து கடைகள், அவ்வளவுதான். அங்கிருந்து ஊர் சுமார் 220 மீட்டர் உயரத்தில். ஏற மூன்றே வழிகள்: ரோப்கார், படிக்கட்டு, கழுதை. ரோப்காரில் ஒரு நடைக்கு ஆறு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர். ஆக 36 பேர். படகோ ஒரே தடவையில் நூறு பேருக்கு மேல் கொண்டுவந்து கொட்டுகிறது. கணக்கு எங்கே சரிப்படும்? "பழனியில் தைப்பூசத்தன்று வின்ச்சுக்கு நிற்கிற கூட்டம்தான்" என்றார் அம்மா, கரையைப் பார்த்த உடனே.

அதனால் ரோப்கார் பக்கமே திரும்பவில்லை. படகிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் அந்த வாசலை நோக்கி ஓட, நாங்கள் கரையிலேயே இருக்கும் இன்னொரு டிக்கெட் மேசைக்குப் போனோம். அங்கே விரைவுப் படகு கிடைக்கும். அது தீவின் வடமுனையில் அமூடி என்ற சின்னத் துறைக்குப் போகிறது. அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி ஓயா என்ற ஊரில் விடுகிறார்கள். எழுதுவது ஓயா, உள்ளூரில் சொல்வது இயா. பிறகு இயாவிலிருந்து ஃபிராவுக்கும் அதே டிக்கெட்டில் பஸ். ஒருவருக்கு 25 யூரோ கொடுத்தேன். இறங்க ரோப்கார் ஒரு வழிக்கு 10 யூரோ. ஆக இரண்டு பேருக்கு 70 யூரோ. 258 எங்கே, 70 எங்கே! 188 யூரோ மிச்சம். அம்மா இதை மூன்று தடவை என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஒன்றை விட்டுவிட்டேன். கப்பலிலிருந்து கரைக்கு வர எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள், அதைக் காலை ஆறரைக்கே வாங்கிவிட்டேன். சுற்றுலாக்காரர்களை அனுப்பிய பிறகுதான் நம் எண்ணைக் கூப்பிடுவார்கள். எட்டு மணிக்கு எழுந்து போய்ச் சீட்டு வாங்கினால் பத்து மணிக்குத்தான் கரை. சீட்டு வாங்கிவிட்டு நிதானமாக இட்லிப்பொடிச் சாண்ட்விச் சாப்பிட்டோம். ஆமாம், இட்லிப்பொடி போட்ட அந்தச் சிவப்பு டப்பா இந்தப் பயணத்திலும் வந்திருக்கிறது.

படகுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலையில் படகு மேலும் கீழும் ஆடுகிறது. அம்மா கையை நீட்டினார். படகுக்காரர் அவர் விரல்களைப் பிடிக்கவில்லை. முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, படகு மேலே எழும் வரை காத்திருந்து, அலை தூக்கிய கணத்தில் அம்மாவைக் கரையில் வைத்தார். ஒரு பூக்கூடையை இறக்கி வைப்பதுபோல இருந்தது. நீங்களும் வயதானவர்களை அழைத்து வந்தால் கையை நீட்டாதீர்கள், முன்கையைக் கொடுங்கள்.

இயாவில் ஒன்பதே கால். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், தெருவில் தாராளமாக நடக்க இடம். பத்தரைக்குச் சுற்றுலாப் பஸ்கள் வந்து சேர்ந்தன, தெரு அடைத்துக்கொண்டது. நாங்கள் கிளம்பிவிட்டோம். சூரிய அஸ்தமனத்துக்கு இயாவில் நிற்பது எனக்குப் பிடிக்காது என்று பல முறை சொல்லிவிட்டேன். அதே சூரியன்தான் கப்பல் தளத்திலிருந்தும் தெரிகிறது, தோளில் யார் முழங்கையும் இடிக்காமல்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஃபிராவில் கூட்டமெல்லாம் நகைக்கடைத் தெருவில் நெரிந்துகொண்டிருக்க, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வரலாற்றுக்கு முந்தைய தேரா அருங்காட்சியகம் இருக்கிறது. தேரா என்பது இந்தத் தீவின் இன்னொரு பெயர். நாங்கள் போனபோது உள்ளே எங்களைச் சேர்த்து எட்டுப் பேர்! ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதிரி ஊரிலிருந்து கிடைத்தவற்றில் பல கண்முன். 1999-இல் கிடைத்த தங்கக் காட்டாடு ஒன்று கண்ணாடிக்குள் நிற்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். நான்கு கால்களையும் ஊன்றி நிற்கிற அந்த நிமிர்வைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடுத்த சுவரில் நீலக் குரங்குகளின் ஓவியம். பாறைமீது தாவி ஏறுகின்றன, வால்கள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. அந்த வாலை வைத்துத்தான் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் சிலர் இவை நம் நாட்டு அனுமன் குரங்குகளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அம்மாவிடம் சொன்னேன். "வாலைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்று அந்த ஓவியத்தின் முன் பத்து நிமிடம் நின்றார். முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

கழுதை பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 580-க்கு மேற்பட்ட படிகளில் நாள் முழுக்க வெயிலில் அவற்றை ஏற்றி இறக்குகிறார்கள். 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2018-இல் விதியே வந்தது. எடை குறைந்தவர்களும் ஏற வேண்டாம் நண்பர்களே, ரோப்கார் இருக்கிறது. நடந்து இறங்க நினைப்பவர்கள், படியெங்கும் சாணம், வழவழப்புக் கல், நல்ல பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை மறந்துவிட்டேனே! 2025 ஜூலையிலிருந்து கிரீஸ் அரசு கப்பல் பயணிகளிடம் தனிக் கட்டணம் வசூலிக்கிறது. சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு 20 யூரோ. ஏப்ரல், மே, அக்டோபரில் 12. நாங்கள் செப்டம்பரில் வந்ததால் 40 யூரோ அறைக் கணக்கில் ஏறிவிட்டது. இதில் எனக்கு வருத்தமில்லை. சுமார் 15,000 பேர் வாழும் தீவு இது. சில நாள்களில் கப்பல்களில் மட்டும் 17,000 பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். தண்ணீருக்கும் குப்பைக்கும் தீவுக்காரர்கள் எங்கே போவார்கள்? ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று 2025 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் அந்த 8,000 பேரும் ஒரே காலையில் ஒரே கல்திட்டில் இறங்கினால் நெரிசல் நெரிசல்தான். அதனால் பயணச்சீட்டு வாங்கும் முன்பே, அன்றைக்கு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்று துறைமுக அட்டவணையைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கிறது. நான் இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததே இன்றைக்கு இரண்டே கப்பல்கள் என்பதால்தான்.

இறங்குவதற்கும் நேரம் பார்த்தேன். காலைச் சுற்றுலாக்கள் முடிந்து ஆட்கள் இரண்டு மணிக்கு மேல்தான் ரோப்காருக்குத் திரும்புவார்கள். அதற்கு முன் இறங்கிவிட வேண்டும் என்பதே கணக்கு. மதியச் சாப்பாட்டைக் கப்பலில் வைத்துக்கொண்டோம். இப்போது மணி மூன்றே கால். கேமராவைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன், பாருங்கள், மேலே ரோப்கார் நிலையத்துக்கு வெளியே வண்ண வண்ணமாகத் தெரிவது அத்தனையும் தொப்பிகள்.

நாளை ரோட்ஸ் தீவு. அங்கே கப்பல் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே கரையில் கட்டும், படகு வேண்டாம். ஏழரை மணிக்கு வீரர்கள் தெருவில் நிற்க வேண்டும், கடைகள் திறக்கும் முன். அம்மா எழுந்துவிட்டார், சுக்குக் காபி கேட்கிறார். வெந்நீர் எடுத்துக்கொண்டு வருகிறேன்.