சீனாவில் நிலம் அரசுடையது என்றால் எதை வாங்கி விற்கிறார்கள்?

அடுத்த கேள்வி. "சீனாவில் தனியாருக்கு நிலமே சொந்தமில்லை என்கிறீர்கள். அப்புறம் மனை விலை எப்படி ஏறுகிறது, எதைத்தான் விற்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மண் ஒருவருக்கு, அதைப் பயன்படுத்தும் உரிமை இன்னொருவருக்கு என்று பிரித்துவிட்டார்கள். 1982 அரசியல் சட்டப்படி நகர நிலம் அரசுடையது. அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அந்தத் தடை இருக்கும்போதே, 1987 டிசம்பர் 1 அன்று ஷென்சென் நகரில் ஒரு மனையை ஏலம் விட்டார்கள். 8,588 சதுர மீட்டர், 50 ஆண்டுப் பயன்பாட்டு உரிமை. 20 லட்சம் யுவானில் கேட்க ஆரம்பித்து 52.5 லட்சத்தில் முடிந்தது. சட்டத்தை அப்புறம்தான் திருத்தினார்கள், 1988 ஏப்ரலில். 1990-ல் கால வரம்பும் வந்தது: குடியிருப்புக்கு 70 ஆண்டு, தொழிற்சாலைக்கு 50, வணிகத்துக்கு 40.

ஆக, ஃபிளாட் வாங்குகிறவருக்கு வீடு சொந்தம். மண்ணில் மிச்சமிருக்கும் ஆண்டுகள் மட்டுமே அவருடையவை. 70 முடிந்தால்? தானாகப் புதுப்பிக்கப்படும் என்றது 2007 சொத்துரிமைச் சட்டம். கட்டணம் உண்டா என்பதை அது சொல்லவில்லை.

எனக்கு மனசு ஆறாத விஷயம், நகரத்தின் ஓரத்தில் நடந்தது. கிராம நிலம் கிராமக் கூட்டுடைமை. கட்டுமான நிறுவனம் அதை நேரே போய் வாங்க முடியாது. அரசு கையகப்படுத்தி, நகர நிலமாக மாற்றி, பிறகு ஏலம் விடும். விவசாயிக்கு இழப்பீடு எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? அந்த வயலின் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி விளைச்சல் மதிப்பை எடுத்து, அதற்கு இத்தனை மடங்கு என்று. 1998 சட்டத்தில் நிலத்துக்கும் மறுவாழ்வுக்கும் சேர்த்து 30 மடங்கைத் தாண்டக்கூடாது. அதாவது, தானியக் கணக்கில் வாங்கி அடுக்குமாடிக் கணக்கில் விற்றார்கள். நடுவில் நின்ற தொகை உள்ளூர் அரசுக்குப் போனது. 1994 வரிச் சீர்திருத்தத்தில் வரி வருவாயின் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போய்விட்டதால், சாலைக்கும் பள்ளிக்கும் அவர்கள் இந்தப் பணத்தையே நம்பினார்கள். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை வயலை இழந்தவர் தலையில் கட்டியது அநியாயம்.

2020 ஜனவரியில் அமலான திருத்தம் அந்த மடங்குக் கணக்கை எடுத்துவிட்டது. தொழிலுக்கும் வணிகத்துக்கும் ஒதுக்கிய கட்டுமான நிலத்தைக் கிராமக் கூட்டமைப்பே நேரடியாகச் சந்தைக்கு விடலாம். விளைநிலத்துக்கு அந்த வழி திறக்கவில்லை.