‘டால்டா போட்டது இருக்காண்ணே?’

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், இரண்டு அணிக்கும் வணக்கம், இந்தக் கோத்தகிரிக் குளிரில் மப்ளரும் மங்கி குல்லாவுமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மட்டும் ரெண்டு வணக்கம். ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், அதில் அரை நிமிடத்தை மைக் தின்றுவிட்டது.

தலைப்பு, சைவத்திலிருந்து நனிசைவத்துக்கு மாறுவது எளிதா, கடினமா. நான் எளிதே அணி. ஆசைப்பட்டு வாங்கியது இல்லை, சீட்டுக் குலுக்கினார்கள், விழுந்தது. நனிசைவம்னா என்னப்பா என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். வீகன் ஐயா. கறி, மீன், முட்டை கிடையாது, அதோடு பால், தயிர், நெய், தேனும் கிடையாது. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் இருந்ததைத் தூக்கிப்போட்டு இந்தப் பெயரை உண்டாக்கினார்கள். நடுவில் இருந்தது என்ன? நம்ம வீட்டு நெய்ச்சட்டி.

எனக்கு முன்னால் பேசிய டீச்சரம்மா ஒன்று சொன்னார். ‘நனிசைவம் என்பது ஊட்டிக்கு வருகிற டூரிஸ்ட் வாங்குகிற ஸ்வெட்டர் மாதிரி, மலை மேலே இருக்கும்வரை போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பார்கள், குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதும் கழற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவார்கள்’ என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்தது. அதற்கு வருகிறேன். முதலில் எங்கள் மாப்பிள்ளை கதை.

மகளைக் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை நிச்சயத்துக்கு வந்தபோது சைவம், ஆறு மாதம் கழித்துக் கல்யாணத்துக்கு வந்தபோது நனிசைவம். ‘பட்டு வேட்டி வேண்டாம் மாமா, பட்டுப்புழுவை உயிரோடு வெந்நீரில் போடுறாங்க, பருத்தியே போதும்’ என்றார். எத்தனை ஆயிரம் மிச்சம்! அந்த நிமிடமே எனக்குக் கொள்கை பிடித்துவிட்டது. வீட்டுக்காரிக்குத்தான் பிடிக்கவில்லை. தலைதீபாவளி வந்தபோது அழுதே விட்டாள். மருமகன் இலையில் நெய் ஊற்றாமல் ஒரு தலைதீபாவளியா, நாலு பேர் கேட்டால் பீன்ஸும் கேரட்டும் போட்டேன் என்றா சொல்வது? கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘டீக்காவது நெய் போடாத வர்க்கி வாங்கிட்டு வாங்க’ என்று என்னை ஊட்டிக்கு அனுப்பினாள்.

போனேன். பழைய பேக்கரி, பெயர் வேண்டாம். எனக்குத் தெரிந்து முப்பது வருடமாக அந்த அண்ணனிடம் யார் போய் நின்றாலும் ஒரே கேள்வி, நெய் வர்க்கியா? ஒரே பதில், ‘சுத்தமான நெய் சார், வேணும்னா மோந்து பாருங்க.’ நான் போய் நின்று, ‘அண்ணே, வர்க்கியில நெய் இருக்கா?’ என்றேன். ‘சுத்தமான நெய் சார், வேணும்னா மோந்து...’

‘அப்போ வேண்டாம்ணே.’

எடை போட எடுத்த கை தராசுக்கு மேலேயே நின்றுவிட்டது. ‘என்ன சார்?’ என்றார். ‘நெய் இல்லாம, டால்டா போட்டது இருக்காண்ணே?’ என்றேன்.

நடுவர் ஐயா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்த ஒன்றை ஒருத்தன் வந்து ஆசையாகக் கேட்கிறான்! என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப்பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், உணவுப் பாதுகாப்பு அதிகாரி இப்படித்தான் வருவாரோ என்று யோசித்திருப்பார். பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் குடும்பம், ரெண்டு கிலோ நெய் வர்க்கிக்குக் காசை எண்ணிக்கொண்டு நிற்கிறது. டால்டா என்று சொன்னால் அந்த ரெண்டு கிலோ போச்சு, நெய் என்று சொன்னால் என் ரெண்டு கிலோ போச்சு. ஒரு வியாபாரிக்கு இப்படி ஒரு சோதனை வரலாமா? கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார், என் தோளில் கை போட்டு ரோட்டோரமாகக் கூட்டிப்போனார், காதில் சொன்னார், ‘சார்... நூத்துக்கு நூறு டால்டா சார்.’

அந்தக் குரலில் இருந்த நிம்மதி இருக்கிறதே, பாவமன்னிப்புக் கேட்டவன் குரல். ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்’ என்றார். கடைப் பெயரைச் சொல்லவில்லை, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

நான் சும்மா வராமல், ‘அண்ணே, 2021-இல் அரசாங்கத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே நனிசைவத்துக்கென்று தனிப் பச்சைச் சின்னம் கொண்டுவந்திருக்கிறது, முறைப்படி கேட்டு வாங்கிப் பாக்கெட்டில் போடுங்க, வியாபாரம் பிச்சுக்கும்’ என்றேன். ‘போடலாம் சார், போட்டா டூரிஸ்டுக்குத் தெரிஞ்சிடுமே’ என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரி பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள். ‘முப்பது வருஷமா நெய் வர்க்கின்னு உங்க அக்கா வீட்டுக்கு அதையா தூக்கிட்டுப் போனேன்?’ மாப்பிள்ளை ஒரு வாய் கடித்துவிட்டு, ‘மாமா, அப்படியே நெய்ல செஞ்ச மாதிரியே இருக்கு’ என்றார். இப்போது அந்தக் கடைக்குப் போனால், டூரிஸ்டிடம் ‘சுத்தமான நெய் சார்’ என்று உரக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, ‘உங்களுக்கு நம்மது சார்’ என்பார். ரெண்டும் ஒரே தட்டு!

நிஜமாகவே நெய்யில் போடுகிற பேக்கரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். டால்டா என்கிற வனஸ்பதி தாவர எண்ணெயில் செய்தது, ஆனால் உடம்புக்கு நல்லது என்றும் நான் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸ்கூட நனிசைவம்தான், அதற்காக மூன்று வேளையும் அதையே தின்ன முடியுமா? நான் சொல்வது ஒன்றுதான், முப்பது வருடமாக நாம் வர்க்கியில் நனிசைவர்கள். நமக்குத்தான் தெரியவில்லை.

இப்போது டீச்சரம்மாவின் ஸ்வெட்டர்.

அம்மா, ஸ்வெட்டர் கம்பளி. கம்பளி ஆட்டின் முதுகிலிருந்து வருகிறது. நனிசைவர் கம்பளி போடவே மாட்டார். போடாத ஒன்றை அவர் எப்படி குஞ்சப்பனையில் கழற்றுவார்? நனிசைவரைக் கிண்டல் செய்ய ஊரில் வேறு உவமையா இல்லை? போய் ஆட்டின் தோளில் கை போட்டுவிட்டீர்களே!

இருங்கள், தட்டாதீர்கள், எனக்கே அதில் ஒரு சந்தேகம் வந்தது. டீ இடைவேளையில் டீச்சரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், இந்த மெரூன் ஸ்வெட்டர் எங்கே வாங்கினது டீச்சர், நல்லா இருக்கே என்று. வெள்ளந்தியாக, ‘ஊட்டியில, ரோட்டோரக் கடை, 450 ரூபாய்’ என்றார். 450 ரூபாய்க்குக் கம்பளியா? எந்த ஆடு கொடுக்கும்? அந்தக் கடைகளில் தொங்குகிறதைத் திருப்பிக் கழுத்துப் பட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், முக்கால்வாசி அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த நூல், ஆட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பிளாஸ்டிக் பை கொண்டுவந்தால் அபராதம் போடுகிற ஜில்லாவில் பிளாஸ்டிக் ஸ்வெட்டரைத் தெருத்தெருவாகத் தொங்கவிட்டிருக்கிறோம், அது வேறொரு நாள் பட்டிமன்றம். எனக்கு வேண்டியது இன்றைய கணக்கு. அந்தக் கணக்கில், நடுவர் ஐயா, கழுத்திலிருந்து இடுப்புவரை டீச்சரம்மா எங்கள் அணி!

அப்புறம், டூரிஸ்ட் ஏன் கழற்றுகிறார்? கீழே வேகிறது, கழற்றுகிறார். நாம் இங்கேயே கிடக்கிறவர்கள், நமக்குச் சித்திரையிலும் ஸ்வெட்டர். அவர் கழற்றினார் என்று நம்மைப் பார்த்து எப்படிச் சொல்லலாம்?

நேரம் ஓடுகிறது, மற்றதைச் சீக்கிரம் சொல்கிறேன். சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போவீர்கள் என்றார்கள். கேழ்வரகு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல், பாலில் 120 மாதிரி. கேழ்வரகில் இருக்கிறது அத்தனையும் உடம்பில் சேராது என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன், கூட எள்ளுருண்டை ஒன்று சாப்பிடுங்கள். பி12? நனிசைவர் மாத்திரை போட்டே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் பாலும் தயிருமாகச் சாப்பிடுகிற சைவர்கள் எத்தனை பேருக்கு டாக்டர் அதே மாத்திரையை எழுதுகிறார் என்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். பால் இல்லாமல் மனுஷன் இருப்பானா என்று ஒரு தம்பி கேட்டார். நாட்டுக்கே பால் பெருக்கிய வர்கீஸ் குரியன், எனக்குப் பால் பிடிக்காது, குடிப்பதில்லை என்று தன் வாயால் சொன்னவர், தம்பி.

நம்ம மலைப் பழங்குடிகளான தோடர்களைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அங்கே எருமைப் பாலைக் கறந்து கடைகிற இடமே கோயில், அதைப் பார்க்கிறவர் பூசாரி. பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து ஊற்றுகிற நீங்களும் நானும் அவர்கள் பேரைச் சொல்லலாமா?

தயிரில் மட்டும் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். வேர்க்கடலைப் பாலில் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு உறையவிடச் சொன்னார் மாப்பிள்ளை. இந்த ஊர்க் குளிரில் மாட்டுப் பாலையே ஹாட்பாக்ஸில் வைத்துத் துண்டைச் சுற்றினால்தான் தயிராகும். கடலைப்பால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது, காம்பு மட்டும் மிதந்தது. இதை எதிரணி குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக எங்கள் அம்மா. இதைச் சொல்லலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கட்டபெட்டுப் பக்கம் எங்கள் வீடு. செவலை மாடு ஒன்று. காலையும் மாலையும் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவாள். நான் ஏழாவது படிக்கும்போது உறைபனிக் காலத்தில் கன்று செத்துப்போனது. கன்று இல்லாமல் மாடு பாலை இறக்கவில்லை, காலை உதைத்தது, ராத்திரி முழுக்கக் கத்தியது. அப்பா யாரையோ கூட்டிவந்து அந்தக் கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாகக் கட்டி மாட்டுக்கு முன்னால் நிறுத்தினார். பழைய ஆட்களுக்குத் தெரியும். மாடு முகர்ந்தது, நக்கியது, பால் இறங்கியது. அம்மா கறந்தாள். எங்களுக்கு அந்தப் பாலில் டீ போட்டாள், தனக்கு மட்டும் பால் சேர்க்காத கட்டன் டீயை ஊற்றிக்கொண்டு அடுப்போரம் போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் சாகிறவரை கட்டன் டீதான். சிக்கனம் என்று நினைத்தோம், ஒரு டம்ளர் மிச்சமானால் சொசைட்டியில் காசாச்சே. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகு நானே பால் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘கட்டனே போதும்டா’ என்று தள்ளிவைத்தாள். மோரும் ஊற்றிக்கொள்ள மாட்டாள், ரசத்தோடு எழுந்துவிடுவாள். ஏம்மா என்றால், சும்மாதான் என்பாள். நனிசைவம் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது.

டீச்சரம்மா எழுந்து கேட்பார், பாலை விற்றாளே என்று. விற்றாள். அந்தப் பால் காசில்தான் நான் பி.ஏ. படித்தேன், அந்தப் படிப்பில்தான் இங்கே நின்று பேசுகிறேன். எங்கள் அணிக்கு இது உதவாது என்று தெரியும். அவளுக்கு அது எளிதாக இருந்ததா, கடினமாக இருந்ததா, அதுவும் எனக்குத் தெரியாது, ஐயா.

மாடு அந்த வைக்கோல் கன்றை நக்கி நக்கிக் கழுத்துப் பக்கம் தோல் விட்டுப்போய் வைக்கோல் வெளியே தெரிந்தது. விடிந்தால் கறக்க வேண்டும். அம்மா சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்துவந்து ராத்திரி அதைத் தைத்தாள், நான் பக்கத்தில் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடு அவள் கையையும் சேர்த்து நக்கியது.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன்.