டீவிக்குப் பின்னால் நாலு விரற்கடை

நேயர்களுக்கு வணக்கம். டீவி, மானிட்டர் கேபிள்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டதும் கொஞ்சம் தயங்கினேன். கையில் எடுத்துக் காட்ட வேண்டிய சாமான்களை வானொலியில் எப்படிக் காட்டுவது? அப்புறம்தான் தோன்றியது, மும்பையில் யார் இதையெல்லாம் கண்ணால் பார்க்கிறார்கள்! நம் வீடுகளில் டீவிக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது நாலு விரற்கடை இடம். கையை விட்டுத் தடவித்தான் செருகுகிறோம். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று இருபது வருஷமாக ரிப்பேருக்குப் போய்வருகிற நானும் பாதி வேலையை விரலால்தான் செய்கிறேன்.

மாட்டுங்காவில் ஒரு மாமி. புது டீவி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. "ஏம்ப்பா, பழைய டீவியே தேவலை போலிருக்கே. நியூஸ்ல கீழே ஓடற எழுத்தைப் படிக்கவே முடியலை. கடைக்காரன் நன்னா ஏமாத்திட்டான்." போய் டீவிக்குப் பின்னால் கையை விட்டேன். உருண்டையாக மூன்று பிளக் தட்டுப்பட்டது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை. அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

அந்த மூன்றில் படம் வருவது மஞ்சளில் மட்டும்தான். சிவப்பு வலது பக்கச் சத்தம், வெள்ளை இடது பக்கச் சத்தம். படத்தின் வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் அந்த ஒற்றை மஞ்சள் ஒயருக்குள் கலந்து அனுப்புகிறார்கள். மறுமுனையில் டீவி அதைப் பிரித்தெடுக்க வேண்டும். முழுதாகப் பிரியாது. எழுத்தின் ஓரங்களில் நிறம் கசிவது அதனால்தான். 1982-இல் தூர்தர்ஷன் கலருக்கு மாறிய காலத்து டீவிக்கு இது போதும். அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரிவது 576 வரிகள். மாமியின் 4கே டீவியில் இருப்பதோ 2160 வரிகள். நாலு பேருக்கு வைத்த ரசத்தில் தண்ணீர் விட்டுப் பந்திக்கே பரிமாறுகிற கதைதான்.

செட்டாப் பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டேன். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளே எச்டிஎம்ஐ கேபிள், முறுக்கிக் கட்டிய கம்பிகூட அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது. மாட்டினேன். மாமி கண்ணாடியைத் தேடாமலே பெட்ரோல் விலையை உரக்கப் படித்தார். படித்துவிட்டு, "அடடா, கடைக்காரனைப் போன்ல என்னவெல்லாம் சொல்லிட்டேன்" என்றார்.

சரி, எச்டிஎம்ஐ விரலுக்கு எப்படித் தட்டுப்படும்? தட்டையாக, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் மூலைகள் குறுகியும் இருக்கும். உள்ளே 19 பின், அதாவது மெல்லிய உலோக முனைகள். படம், சத்தம் இரண்டும் இதிலேயே போகும். டீவியில் இப்படி மூன்று நாலு துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும், டீவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் துளை அது. சவுண்ட் பார் வைத்திருப்பவர்கள் அந்தத் துளையில்தான் மாட்ட வேண்டும். வேறு துளையில் மாட்டிவிட்டுச் சத்தம் வரவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது உண்டு.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். பழைய மானிட்டர்களில் இருபக்கமும் திருகாணி வைத்த அகலமான பிளக் இருக்கிறதே, அது விஜிஏ. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 பின். பல கேபிள்களில் ஒன்பதாவது பின் இருக்காது. உடைந்துவிட்டது என்று கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் பாதகமில்லை. ஆனால் மூன்றாவது பின் வளைந்தால் நீலம் போய்விடும், வெள்ளைப் பக்கமெல்லாம் மஞ்சள் பூசியது போலத் தெரியும். இரண்டாவது பின் போனால் பச்சை வராது, திரை கத்தரிப்பூ நிறமாகும். இது தெரியாமல் நல்ல மானிட்டரைக் காயலான் கடையில் போட்டவர்கள் எத்தனை பேரோ. ஊசிமுனையால் பின்னை நிமிர்த்தினால் போதும்.

தாராவியில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பழசு, விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. மானிட்டர் புதுசு, எச்டிஎம்ஐ. ஒரு முனை இது, மறுமுனை அது என்று மெல்லிய ஒயர் ஒன்றை மலிவாக வாங்கி வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. படம் மட்டும் வரவில்லை. "அண்ணே, மானிட்டர் டெட்டா?" என்று பையன் கேட்டான். நான் பிளேடை எடுத்து ஒயரின் தலையைக் கீறிக் காட்டினேன். உள்ளே சிப் எதுவும் கிடையாது. தலைமயிர் கனத்தில் செம்புக் கம்பிகளை இந்தப் பின்னுக்கும் அந்தப் பின்னுக்கும் பற்றவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே போல் ஒன்றை வாங்கி ஏமாந்தவன்.

ஏன் வராது? விஜிஏ ஒயரில் ஒவ்வொரு நிறத்துக்கும் மின்னழுத்தம் ஏறி இறங்கும். முழு வெளிச்சத்துக்கு 0.7 வோல்ட், கருப்புக்குப் பூஜ்யம், நடுவில் எத்தனையோ படிகள். எச்டிஎம்ஐயில் போவதோ வெறும் ஒன்றும் பூஜ்யமும்தான். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவே ஒரு சிப் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அப்படி மாற்றும் கன்வெர்ட்டரில் பெரும்பாலும் கரண்டுக்காக யூஎஸ்பி வால் தொங்கும். விஜிஏயில் சத்தம் போகாது என்பதால் அதற்குத் தனித் துளையும் இருக்கும். இன்னொன்று, அது ஒருவழிப் பாதை. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவதைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

டிவிஐ என்றும் ஒன்று உண்டு. காதில் டீவி மாதிரி விழும், அது வேறு. 1999-இல் வந்தது, இப்போது புதுசாக அதிகம் பேர் வைப்பதில்லை. எச்டிஎம்ஐ படம் அனுப்பும் முறையே இதிலிருந்து வந்ததுதான் என்பதால், இந்த இரண்டுக்கும் நடுவே மலிவான சாதா அடாப்டரே போதும். சத்தம் பெரும்பாலும் வராது.

கம்ப்யூட்டர்களிலும் மானிட்டர்களிலும் டிஸ்ப்ளேபோர்ட் என்று இன்னொரு துளை இருக்கும். தடவினால் எச்டிஎம்ஐ போலவே இருக்கும், ஆனால் ஒரே ஒரு மூலைதான் வெட்டுப்பட்டிருக்கும். பல பிளக்குகளின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால்தான் உள்ளே இருக்கும் கொக்கி விடும். செம்பூரில் ஒரு தம்பி அமுக்காமல் இழுத்தான், சாக்கெட்டே கையோடு வந்துவிட்டது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிளும் ஒருவழிதான். கம்ப்யூட்டரிலிருந்து டீவிக்குப் படம் போகும். அதே கேபிளை வைத்து செட்டாப் பாக்ஸை டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரில் மாட்டினால் திரை கருப்பாகவே நிற்கும்.

ரொம்பக் குழப்புவது யூஎஸ்பி-சி. துளை ஒன்றுதான், சில லேப்டாப்பில் படம் வரும், சிலதில் சார்ஜ் மட்டும் ஏறும். துளைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட் என்ற இணைப்பின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் படம் வரும் என்று நம்பலாம். குறி இல்லாவிட்டால் லேப்டாப்போடு வந்த புத்தகத்தைப் பார்க்கத்தான் வேண்டும். போன் சார்ஜர் கேபிளை வைத்து முயல வேண்டாம், அவற்றில் பலவற்றில் படம் போவதற்கான கம்பியே இருக்காது.

விலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தங்க முலாம், நிறம் பளிச்சென்று வரும் என்று பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஒன்றும் பூஜ்யமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மலிவு கேபிளிலும் அதே நிறம்தான். சேராவிட்டால் வெள்ளைப் புள்ளி மின்னும், திரை விட்டுவிட்டு இருளும். மங்கலாகத் தெரிவது எச்டிஎம்ஐயின் நோய் அல்ல. பார்க்க வேண்டியது நீளத்தை. 4கே படம் நொடிக்கு 60 முறை வர, நொடிக்கு 18 கிகாபிட் வரை ஓடும் கேபிள் வேண்டும். ஐந்து மீட்டரைத் தாண்டினால் சாதா செம்புக் கேபிள் தடுமாற ஆரம்பிக்கும். சுவருக்குள் விடுபவர்கள் பைப் போட்டு விடுங்கள், நாளைக்கு வேறு கேபிள் இழுக்கலாம்.

முலாம் நம் ஊரில் வேறொரு விதத்தில் உதவும், அதையும் சொல்லிவிடுகிறேன். கடல் காற்றும் நாலு மாத மழையும் சேர்ந்து பின்களில் பச்சை பூக்க வைக்கின்றன. முலாம் நன்றாக இருந்தால் சீக்கிரம் பூக்காது. அப்புறம், இடி இடிக்கும்போது கேபிள்காரர் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அந்த வழியாக வந்த மின்சாரத்தில் எச்டிஎம்ஐ துளை கருகிப்போன டீவிகள் ஜூன், ஜூலையில் என் மேஜையில் வரிசையாக நிற்கும்.

கேபிள் வாங்க கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடுக்குப் போகிறீர்களா? போனைச் சந்துக்குள் விட்டு இரண்டு பக்கத் துளைகளையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எதிலிருந்து எதற்குப் படம் போக வேண்டும் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மாமி அந்த மூன்று நிற ஒயரைத் தூக்கிப் போடவில்லை. போன வாரம் போயிருந்தேன். பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரருக்காக வைத்திருந்த பேப்பர் கட்டை அதைக் கொண்டுதான் இறுக்கிக் கட்டியிருந்தார். வணக்கம்.