கீழேருந்து மேலே படிங்க: சார்த்ர் பேராலயத்துல ஒரு ஜன்னல்

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு ஒரே ஒரு ஜன்னல். போன வாரம் பூரா இந்தப் படத்தைத்தான் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டிருந்தேன். அதை உங்களுக்குக் காட்டாம இருக்க முடியல.

பிரான்ஸ்ல, பாரிசுக்குத் தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர்ல சார்த்ர்னு ஒரு ஊர். அங்க இருக்கிற மாதா பேராலயம் 1194ல தீப்பிடிச்சுப் பெரும்பகுதி எரிஞ்சுபோச்சு. திரும்பக் கட்டினப்போ, 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல வச்ச வண்ணக் கண்ணாடியில நிறைய இன்னமும் அதே இடத்துல இருக்கு. 1939ல போர் வரப்போகுதுன்னு எல்லாத்தையும் கழட்டிப் பத்திரப்படுத்தி, அப்புறம் திரும்ப மாட்டியிருக்காங்க.

இப்ப திரையில இருக்கிறது அதுல ஒண்ணு. நல்ல சமாரியன் ஜன்னல். முதல்ல பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. ஏன்னா நான் மேலேருந்து ஆரம்பிச்சேன். புத்தகம் படிக்கிற பழக்கம் அப்படித்தானே? ஆனா இந்த ஜன்னல்ல கதை கீழேருந்து மேல ஏறுது. அந்தக் காலத்து ஜன்னல்கள்ல நிறைய இப்படித்தான்.

அதனால கீழ வாங்க. அடியில யாரு? செருப்பு தைக்கிறவங்க. தோலும் கையுமா உக்காந்து வேலை பாக்குறாங்க. புனிதர் இல்ல, ராஜா இல்ல, தொழிலாளிங்க. இந்த ஜன்னலைக் கொடுத்தவங்க இவங்கன்னுதான் வழிவழியா சொல்லிட்டு வர்றாங்க. ஒரு வழிப்போக்கனோட கதை செருப்புல ஆரம்பிக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவங்க அப்படி நினைச்சு வச்சாங்களோ இல்லையோ, எனக்கு அது பொருத்தமாத்தான் தெரியுது.

அதுக்கு மேல, லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரம். இயேசு கதை சொல்றாரு. ஒருத்தன் எருசலேம்லேருந்து எரிகோவுக்குப் போறான். கள்ளர்கள் அடிச்சு, துணியை உருவிக்கிட்டு, குத்துயிரும் கொலையுயிருமா விட்டுட்டுப் போறாங்க. ஆசாரியன் (யூதக் கோயில் குரு) ஒருத்தன், லேவியன் (கோயில் பணி செய்யற குலத்தான்) ஒருத்தன், ரெண்டு பேரும் பாத்துட்டு ஒதுங்கிப் போறாங்க. யூதர்கள் சேத்துக்காத சமாரியன்தான் நின்னு, காயம் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்குறான். இது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை.

சத்திரத்துல கதை முடிஞ்சிடணும் இல்லையா? முடியல. ஜன்னல் இன்னும் பாதி மிச்சம் இருக்கு. அந்த மேல்பாதியில ஆதாமைப் படைக்கிறாரு கடவுள். அப்புறம் ஏவாள், பழம், தோட்டத்தைவிட்டுத் துரத்தறது, அவங்க மூத்த மகன் காயீன் தம்பி ஆபேலைக் கொல்றது. சமாரியன் கதைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இங்கதான் நான் ரொம்ப நேரம் சிக்கிக்கிட்டேன்.

விடை, ஜன்னலுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே எழுதி வச்சிருக்கு. 3ஆம் நூற்றாண்டுல ஒரிஜன், அப்புறம் புனித அகுஸ்தினார், இந்த ரெண்டு பழைய கிறிஸ்தவ அறிஞர்களும் சமாரியன் கதையை வரிக்கு வரி உருவகமா விரிச்சிருக்காங்க. அடிபட்டவன் ஆதாம். அதாவது மொத்த மனுஷகுலம். அவன் விட்டுக் கிளம்பின எருசலேம், இழந்துபோன சொர்க்கம். எரிகோங்கிற பேருக்கு நிலான்னு பொருள் எடுத்துக்கிறாரு அகுஸ்தினார். நிலா பிறக்குது, வளருது, தேயுது, மறையுது. அதனால அது நம்ம சாவுள்ள வாழ்க்கை. கள்ளர்கள் சாத்தானும் அவன் கூட்டமும். அவங்க உருவினது துணியை இல்ல, சாகாத வரத்தை. ஆசாரியனும் லேவியனும் பழைய ஏற்பாடு. அதால மட்டும் இவனைத் தூக்கி நிறுத்த முடியல. சத்திரம் திருச்சபை. சத்திரக்காரன்கிட்ட கொடுத்த ரெண்டு காசு, கடவுளை நேசி, பிறனை நேசிங்கிற ரெண்டு கட்டளை. சமாரியன்? கிறிஸ்துவேதான்.

இப்ப படத்தை மறுபடி பாருங்க. கீழ ஒருத்தன் நகரத்து வாசலைத் தாண்டி வர்றான். மேல ஆதாமும் ஏவாளும் தோட்டத்தைவிட்டு வர்றாங்க. கீழ ஒருத்தனை அடிச்சுப் போடுறாங்க. மேல அண்ணன் தம்பியை அடிச்சே கொல்றான். மேல்பாதி தனிக்கதை இல்ல, கீழ்க்கதைக்கு விளக்கவுரை! அந்த உரையில கண்ணாடிதான் பேசுது.

இன்னொண்ணு கவனிங்க. ஆதாமைப் படைக்கிறவரோட தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம். அந்த வட்டத்துக்குள்ள சிலுவை. புனிதர்களுக்கு வெறும் வட்டம்தான் போடுவாங்க; சிலுவை போட்ட வட்டம் கிறிஸ்துவோட அடையாளம். எல்லாமே அவர் வழியா உண்டாச்சுன்னு யோவான் நற்செய்தி ஆரம்பத்துல வருதே, அதை ஒரு வட்டத்துக்குள்ள அடைச்சிருக்காங்க. உருவாக்கினவரும் காயம் கட்ட வர்றவரும் ஒருத்தரேன்னு அந்தச் சின்னச் சிலுவை சொல்லிடுது.

நிறத்தைப் பத்தி நிறைய பேர் கேப்பீங்க. நீலம்னா விண்ணகம், சிவப்புன்னா ரத்தம், பச்சைன்னா நம்பிக்கைன்னு பட்டியல் சுத்திட்டிருக்கு. நான் அதை அப்படியே நம்பமாட்டேன். நீலம் கோபால்ட்லேருந்து வருது, சிவப்பு செம்புலேருந்து. செம்புச் சிவப்பை முழுக் கனத்துக்கும் போட்டா கிட்டத்தட்டக் கறுப்பாவே தெரியும். அதனால நிறமில்லாத கண்ணாடியோட மெல்லிய அடுக்காச் சேத்திருக்காங்க. பக்கத்துல எந்த நிறம் இருந்தா எது எடுப்பாத் தெரியும்னு பாத்துத்தான் நிறைய இடத்துல துண்டுகளைச் சேத்திருக்காங்க. நிறத்தைவிட யாரு எங்க நிக்கிறா, எது எதுக்கு மேல இருக்குன்னு பாருங்க. பொருள் அங்கதான் அதிகம்.

கடைசியா உச்சி. அங்க கிறிஸ்து, ரெண்டு பக்கமும் தேவதூதர்கள். சும்மா அழகுக்கு வச்ச முடிப்புன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் லூக்காவைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். சத்திரத்தைவிட்டுக் கிளம்பும்போது சமாரியன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறான்: இதுக்கு மேல செலவானா, நான் திரும்பி வரும்போது தந்துடறேன். அந்தத் திரும்பி வர்றதைத்தான் ஒரிஜன் கிறிஸ்துவோட ரெண்டாம் வருகைன்னு, அதாவது உலக முடிவுல அவர் திரும்பி வர்றதுன்னு எடுத்துக்கிறாரு. கீழ சத்திரத்துல சொன்ன வாக்கு, ஆதாம் ஏவாள் கதை மொத்தத்தையும் தாண்டி, உச்சிக்குப் போய் நிக்குது.

முழு ஜன்னலையும் ஒரு நிமிஷம் திரையில விட்டுவைக்கிறேன். நான் பேசமாட்டேன். செருப்பு தைக்கிறவங்ககிட்டேருந்து ஆரம்பிங்க.