மேலே மொறுமொறு, கீழே குழகுழ: ஓட்ஸ் போட்ட ஆப்பிள் கிரம்பிள்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நிமிடம், கேமரா ஓடுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். சிவப்புப் புள்ளி தெரிகிறது, ஓடுகிறது. போன தடவை இருபது நிமிடம் வாய் வலிக்கப் பேசி முடித்த பிறகுதான் எதுவுமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து இந்தப் பயம்.

இன்றைக்கு ஆப்பிள் கிரம்பிள். கீழே பழம், மேலே ஓட்ஸ், மாவு, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்த்துப் பிசறிய உதிரி. அவன் (oven) அடுப்பில் வைத்துச் சூடாக எடுத்துச் சாப்பிடுவது. கேக் மாதிரி முட்டை அடிக்க வேண்டாம், ஆப்பிள் பை மாதிரி மாவைத் தேய்த்து விரித்து ஓரம் மடிக்க வேண்டாம். இங்கிலாந்தில் இதற்குக் கிரம்பிள் என்று பெயர். அமெரிக்காவில் ஓட்ஸ் சேர்த்தால் பெரும்பாலும் கிரிஸ்ப் என்பார்கள். எனக்குக் கிரம்பிள் என்று வாயில் வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

ரொம்ப எளிது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் தடவை ஆப்பிள் கூழாகிவிட்டது. இரண்டாவது தடவை மேலே போட்ட ஓட்ஸ் கஞ்சி மாதிரி ஊறிப்போனது. மூன்றாவது தடவை மேலே கருகி, கீழே ஆப்பிள் கடித்தால் நறுக்கென்றது. மூன்று தடவையும் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். 100 கிராம் ஆப்பிளில் சுமார் 85 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீர் மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டால் கிரம்பிள். ஏறிவிட்டால் பழக் கஞ்சி. இனி நான் செய்கிற ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

அதனால்தான் பழத்தில் கை வைப்பதற்கு முன்னால் மேல் உதிரியைச் செய்துவிடுகிறேன். முன்பெல்லாம் ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை போட்டு வைத்துவிட்டு, நிதானமாக மற்ற வேலைக்குப் போவேன். திரும்பி வந்தால் பாத்திரத்தில் குளம் கட்டியிருக்கும். சர்க்கரை பட்டதும் பழம் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும், நமக்காகக் காத்திருக்காது.

அளவு சுலபம், நாலும் நூறு. ஓட்ஸ் 100 கிராம், மைதா 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 100 கிராம். உப்பு அரை டீஸ்பூன். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை போதும். ஆனால் உப்பே இல்லாமல் விட்டுவிடாதீர்கள். உப்பு இல்லாத கிரம்பிள் வெறும் தித்திப்பாக, நாலாவது வாய்க்குத் திகட்டிவிடும்.

ஓட்ஸில் எது என்பது முக்கியம். தட்டையாக, முழுசாகத் தெரிகிற ரோல்டு ஓட்ஸ் வேண்டும். இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் என்று விற்கிற உடனடி ஓட்ஸைத்தான் நான் அந்த இரண்டாவது தடவை போட்டேன். அது மெல்லியதாகத் தட்டி உடைத்தது, ஈரத்தைக் கண்டதும் உறிஞ்சிப் பசையாகிவிடும். நேர் எதிராக ஸ்டீல் கட் என்று வருகிற நறுக்கிய ஓட்ஸ், 45 நிமிடம் அவனில் இருந்தாலும் பொடிக்கல் மாதிரியே கிடக்கும். பல்லுக்கு ஆகாது.

சரி, வெண்ணெய். இப்போதுதான் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தேன், கல் மாதிரி இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசற வேண்டும். உள்ளங்கை வேண்டாம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும். விரல் நுனி கொஞ்சம் குளிர்ச்சி. மாவைத் துளித்துளியாக வெண்ணெய் போர்த்திக்கொண்டால், பிறகு அந்த மாவு தண்ணீரை அவ்வளவு சுலபத்தில் குடிக்காது. தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் வருகிற அந்த இழுவையும் இதில் வராது. அதனால்தான் உதிர்கிறது.

உருக்கிய வெண்ணெய் ஊற்றினால் ஆகாதா? ஆகும், வேலையும் பாதி. ஆனால் மேல் பகுதி கொஞ்சம் கெட்டியாக, பிஸ்கட் தட்டு மாதிரி வரும். அது பிடித்தவர்கள் செய்யலாம், நான் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிசறுகிற கட்சி.

எப்போது நிறுத்துவது? இதோ பாருங்கள், கையில் அள்ளிப் பிடித்தால் பிடிபடுகிறது, விட்டால் உதிர்கிறது. எல்லாம் ஒரே அளவு பொடியாக இருக்கக் கூடாது. பட்டாணி அளவுக் கட்டி நாலு, மணல் மாதிரி கொஞ்சம், நடுவில் ஓட்ஸ் இதழ்கள். கட்டிகள்தான் மொறுமொறுப்பு. ஐயோ, கேமரா நகர்ந்துவிட்டது, கை முழுக்க வெண்ணெய். முழங்கையால் தள்ளிப் பார்க்கிறேன். போகட்டும், என் தலை பாதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாத்திரம் தெரிகிறதல்லவா.

இதைக் கிண்ணத்தோடு 15 நிமிடம் குளிர வைக்கிறேன். ஒரு எச்சரிக்கை. பழத்தையும் மேலே உதிரியையும் போட்டு, மொத்தக் கண்ணாடிப் பாத்திரத்தையும் குளிர வைத்துவிட்டு, அப்படியே சூடான அவனுக்குள் தள்ளாதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டுவிடும். குளிர வேண்டியது உதிரி மட்டும்.

இப்போது அவன் அடுப்பைப் போட்டுவிடுகிறேன், 180 டிகிரி. விசிறி ஓடுகிற வகை என்றால் 160. சூடாவதற்குள் ஆப்பிள் வேலை முடிந்துவிடும்.

ஆப்பிள் ஒரு கிலோ, நடுத்தர அளவில் ஆறு ஏழு வரும். புளிப்பும் கெட்டித்தன்மையும் உள்ள வகை நல்லது. பச்சைத் தோல் கிரானி ஸ்மித் வெந்தாலும் வடிவம் கலையாது. கடித்தால் மாவு மாவாக இருக்கிற பழம் இதற்கு உதவாது, என் முதல் கூழுக்குக் காரணம் அதுதான். எனக்குப் பிடித்தது பாதி பச்சை, பாதி இனிப்புச் சிவப்பு. ஒன்று துண்டாக நிற்கும், இன்னொன்று லேசாகக் குழைந்து சுற்றிலும் பாகாகும். தோல் சீவிவிடுகிறேன். தோலோடு செய்பவர்களும் உண்டு, ஆனால் வெந்தபிறகு அது தனியாகச் சுருண்டு, வாயில் காகிதம் மாதிரி அகப்படும்.

துண்டு ஒரு சென்டிமீட்டர் தடிமன். மெல்லியதாகச் சீவினால் மேலே நிறம் வருவதற்குள் கீழே கரைந்துவிடும். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பதறாதீர்கள், என் துண்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

இதில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. நறுக்கிய ஆப்பிள் பழுப்பாகாமல் இருக்கவும் உதவும், பழம் தித்திப்பாக இருந்தால் ருசியையும் சரிசெய்யும். சர்க்கரை 50 கிராம், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) ஒரு டேபிள்ஸ்பூன். பழம் விடுகிற தண்ணீரைப் பிடித்துப் பாகாகக் கட்டி வைப்பது இந்தச் சோளமாவுதான். வெள்ளைத் திட்டு தெரியாதபடி புரட்டிவிட்டு, உடனே பாத்திரத்தில் கொட்டுகிறேன். கிண்ணத்தின் அடியில் தங்கியதையும் வழித்துப் போடுங்கள், சோளமாவு பாதி அங்கேதான் ஒட்டியிருக்கும்.

என்னுடையது 20 சென்டிமீட்டர் சதுரப் பாத்திரம். விளிம்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டராவது இடம் இருக்கட்டும், கொதிக்கும்போது பொங்கும். இனி குளிர்ந்த உதிரியைக் கையால் தூவுகிறேன். தூவுவது மட்டும்தான், அழுத்தக் கூடாது. அழுத்தினால் மூடி போட்ட மாதிரி ஆகி, கீழே எழும்புகிற நீராவிக்கு வழி இருக்காது. போக வழியில்லாத ஆவி எங்கே போகும்? ஓட்ஸுக்குள்ளேயே போகும். ஓரத்தில் அங்கங்கே பழம் எட்டிப் பார்க்கட்டும்.

அடடா. சொல்லிக்கொண்டே அந்த மூலையை நானே தட்டி அமுக்கிவிட்டேன், பார்த்தீர்களா? பழக்கதோஷம். சரி, விடுங்கள், கிளறினால் இன்னும் கெடும்.

அடியில் ஒரு தட்டு வைத்து உள்ளே தள்ளியாயிற்று, நடுத் தட்டில். தட்டு வைக்காமல் ஒருமுறை பாகு வழிந்து அவன் அடியில் கருகி, அதைச் சுரண்ட எனக்கு ஒரு முழு மாலை ஆனது.

வெந்துகொண்டிருக்கட்டும். மூன்றாவது தோல்வியைச் சொல்கிறேன். அன்றைக்குப் பசி, அவசரம், 220 டிகிரி வைத்தேன். 15 நிமிடத்தில் மேலே கரும்பழுப்பு, ஆப்பிள் பச்சையாக. இதில் வேடிக்கை என்னவென்றால், மேல் பகுதி 140 டிகிரியைத் தாண்டினால்தான் நன்றாகப் பொன்னிறமாகும். கீழே பழமோ, தண்ணீர் இருக்கிறவரை 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும், எவ்வளவு தீ வைத்தாலும். அதனால் சூட்டைக் கூட்டினால் மேல் பகுதிக்குத்தான் அவசரம் ஏறும், பழத்துக்கு நேரம்தான் வேண்டும். உங்கள் அவனில் மேல் கம்பி சூடு அதிகம் என்றால், பாதி நேரம் கழித்து அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டுவிடுங்கள். இறுக்கி மூடினால் மறுபடி ஆவிப் பிரச்சினை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கிரம்பிள் பரவியது என்று சொல்வார்கள். 1940 ஜனவரியில் அங்கே வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனுக்கு வந்துவிட்டன. ஆப்பிள் பைக்கு அடியிலும் மேலிலும் மாவுப் போர்வை வேண்டும், அதற்குக் கொழுப்பு நிறையப் பிடிக்கும். இதற்கு மேலே மட்டும் தூவினால் போதும், இருக்கிற கொழுப்பைப் போட்டுக்கொள்ளலாம். நூறு கிராம் வெண்ணெயை இப்படி அள்ளிப் போடுகிற எனக்கு அதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. குறைக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

மற்ற பழங்களிலும் செய்யலாம், தண்ணீர்க் கணக்கை மட்டும் மாற்றுங்கள். பேரிக்காய் கிட்டத்தட்ட ஆப்பிள் மாதிரிதான், எலுமிச்சை கொஞ்சம் கூட்டுங்கள். பீச், பிளம் இரண்டும் அருமை. பெர்ரிப் பழங்கள் தண்ணீரைக் கொட்டும், சோளமாவு இரண்டு டேபிள்ஸ்பூனாவது போடுங்கள். உறைய வைத்த பழம் என்றால் உருக விடாமல் அப்படியே போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். வாழைப்பழத்தை நான் ஒருமுறை முயன்றேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

40 நிமிடம் ஆயிற்று. வாசனை வந்துவிட்டது, ஆனால் வாசனையை நம்பி எடுக்காதீர்கள், அது பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடும். விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஓரத்தில் கொதிக்கிறது. நடுவில்? இன்னும் இல்லை. ஓரம் கொதித்தால் போதாது, நடுவிலும் குமிழி எழும்ப வேண்டும். சோளமாவு சரியாக வெந்து பாகு கட்டியாவது அப்போதுதான். குமிழியும் தண்ணீர்க் குமிழி மாதிரி படபடவென்று வெடிக்காமல், மெதுவாக, சோம்பலாக எழும்பி உடைய வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம்.

இதோ, எடுத்தாயிற்று. அந்தச் சத்தம் கேட்கிறதா? மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். சளசளவென்று. லென்ஸில் ஆவி அடித்துவிட்டது, துடைக்கிறேன். ம், நிறம் பாருங்கள்.

உடனே கரண்டி போடாதீர்கள். 20 நிமிடம் அப்படியே விடுங்கள். இப்போது பாகு நீர்த்தாக இருக்கிறது, ஆற ஆறக் கெட்டிப்படும். மேல் உதிரியும் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், சூடு தணியும்போதுதான் மொறுமொறுப்பு ஏறும். மேலே தட்டு போட்டு மூடிவிடவும் கூடாது. இவ்வளவு நேரம் தண்ணீரோடு சண்டை போட்டுவிட்டு, கடைசியில் மூடி போட்டு ஆவியை மேலே சொட்ட விட்டால் என்ன நியாயம்?

மீந்தால் மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மேல் பகுதி நமத்துவிடும். அவனிலேயே 160 டிகிரியில் 15 நிமிடம். உதிரியை மட்டும் இரண்டு மடங்காகச் செய்து, பச்சையாகவே பையில் கட்டி உறைய வைத்தால் மூன்று மாதம் வரை இருக்கும். என் பெட்டியில் எப்போதும் ஒரு பை கிடக்கும். திடீரென்று யாராவது வந்தால் பழத்தை நறுக்குகிற வேலைதான் பாக்கி.

20 நிமிடம் ஆயிற்று. இல்லை, 16தான் ஆயிற்று, இதற்குமேல் என்னால் முடியாது. வனிலா ஐஸ்கிரீம் ஒரு கரண்டி, கீழே சூடு, மேலே குளிர். கரண்டியால் உடைக்கிறேன், மொறுக்கென்ற சத்தம் கேட்டதா? ஆப்பிள் துண்டு துண்டாக நிற்கிறது, பாகு கரண்டியில் ஒட்டுகிறது. ம்ம். சூடு, சூடு. புளிப்பு முன்னால் வருகிறது, அப்புறம் வெண்ணெய், அதற்கப்புறம் அந்த உப்பு.

நான் அமுக்கிய மூலையையும் காட்டிவிடுகிறேன், மறைக்கவில்லை. பாருங்கள், மற்ற இடமெல்லாம் பொன்னிறம், இங்கே மட்டும் வெளுத்து, ஈரமாகப் படிந்து கிடக்கிறது. கரண்டி சத்தமில்லாமல் உள்ளே போகிறது. வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் இந்த மூலையை நானே சாப்பிட்டுவிடுகிறேன். கேமராவை அணைக்க ஒரு கை வேண்டும், கிண்ணத்தை எங்கே வைப்பது, இருங்கள்.