யாரும் வராத வீட்டுக்கு வந்த இலையுதிர்காலம்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு படத்துக்குப் பக்கத்தில் வைக்க நான் கவிதை தேடியதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முதலில் திரையில் இருக்கும் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்போம்.

இது நாகசாகிக்கு அருகே கடலில் இருக்கும் ஹாஷிமா தீவு. நீளம் அரை கிலோமீட்டர்கூடக் கிடையாது. 1959-இல் இங்கே 5,259 பேர் இருந்தார்கள். எல்லாம் கடலுக்கடியில் இருந்த நிலக்கரிக்காக. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள், ஏப்ரலுக்குள் ஊரே காலி. பார்வையாளர்கள் கட்டடங்களுக்குள் போக முடியாது. அனுமதி வாங்கி உள்ளே போன நண்பர் எடுத்துத் தந்த படம் இது. தரையில் ஒரு பழைய டிவி பெட்டி. உப்புக்காற்றில் கான்கிரீட் பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. சன்னல் வழியாக ஒரு கொடி எட்டிப்பார்க்கிறது.

சரி, இதற்குப் பக்கத்தில் எந்தக் கவிதையை வைப்பது? சட்டென்று எனக்கு நினைவுக்கு வந்தது ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் ஹைக்கூ:

கோடைப் புல்.
அன்றைய போர்வீரர் கண்ட
கனவில் இதுவே மிச்சம்.

1689-இல் ஹிராய்சுமி என்ற ஊரில் எழுதியது. 1189-இல் போரில் அழிந்த ஃபுஜிவாரா குலத்தின் மாளிகை இருந்த இடம் வயலாகிக் கிடக்க, தொப்பியை விரித்து உட்கார்ந்து நெடுநேரம் அழுதார் பாஷோ. நடுவில் 500 ஆண்டுகள். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஹாஷிமா படத்துக்கு இதை வைக்க மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து இந்தச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அவர்கள் பட்டதைக் கனவு என்று எப்படிச் சொல்வது? அழகான வரிதான், ஆனால் இந்த இடத்தில் பொய்யாகிவிடும்.

அப்புறம்தான் எக்யோ என்ற துறவியிடம் போனேன். பத்தாம் நூற்றாண்டு. கியோத்தோவில் மினமோத்தோ நோ தோரு என்ற பெருந்தனக்காரர் கட்டிய கவாரா மாளிகை அப்போது பாழடைந்து கிடந்தது. தொலைதூரக் கடற்கரை ஒன்றைப் போலவே தோட்டம் அமைத்து, கடல்நீரைக் கொண்டுவந்து உப்புக் காய்ச்சுவாராம் தோரு. அவர் போய் ஏறக்குறைய நூறாண்டு கழிந்த பின் அதே வீட்டில் கவிஞர்கள் கூடினார்கள். அன்றைக்குக் கொடுத்த தலைப்பே 'பாழ்வீட்டுக்கு இலையுதிர்காலம் வருகிறது' என்பதுதான். எக்யோ எழுதினார்:

கொடிகள் அடர்ந்து மூடிய வீடு,
தனிமை குடியிருக்கும் வீடு.
மனிதர் ஒருவரும் வரக் காணோம்;
இலையுதிர்காலம் மட்டும்
வந்துவிட்டது.

கவனியுங்கள், இதில் கனவும் இல்லை, வீரரும் இல்லை. உடைந்த சுவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைத்தான் படம் காட்டிவிட்டதே! படத்தில் இருப்பதையே திரும்பச் சொல்லும் கவிதையை நான் பக்கத்தில் வைக்கமாட்டேன். படம் பார்க்கிற நாம் போனவர்களைத் தேடுகிறோம். எக்யோ வந்தவரைக் கவனிக்கிறார்.

அதே படத்தை மறுபடியும் போடச் சொல்கிறேன். இந்தத் தடவை டிவி பெட்டியை விட்டுவிட்டுச் சன்னலைப் பாருங்கள். அந்தக் கொடியின் நுனி இலை சிவந்திருக்கிறது.