கல்லில் விட்டுப்போன வரி

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். கடந்த காலத்தை நமக்கு நன்றாக உணர்த்துவது பாடப்புத்தகமா, பொதுவெளியா? பொதுவெளியே என்பது எங்கள் அணி.

எதிரணி அம்மா கேட்டார்கள், "சிலையைக் காக்காயைத் தவிர யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?" நீங்களும் கைதட்டினீர்கள். அம்மா, 1927-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு சிலையை ஊரே நிமிர்ந்து பார்த்தது. கர்னல் நீல் சிலை.

யார் இந்த நீல்? மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படைத் தளபதி. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது அலகாபாத்தில் மக்களைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கில் போட்டவர். கான்பூரில் கொல்லப்பட்ட ஆங்கிலப் பெண்கள், குழந்தைகளின் ரத்தத்தைக் கைதிகளை நாக்கால் நக்க வைத்து, பிறகு தூக்கிலிட்டவர். அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் லக்னோவில் செத்தார்.

பீடத்தில் என்ன பொறித்தார்கள் தெரியுமா? வங்காளத்தில் கலக வெள்ளத்தை முதலில் தடுத்தவர் என எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர், லக்னோவில் புகழோடு வீழ்ந்தார், வயது 47.

இன்னொரு முறை சொல்கிறேன், நடுவர் அவர்களே. வெள்ளம் இருக்கிறது. புகழ் இருக்கிறது. வயதுகூட இருக்கிறது! தூக்குக்கயிறு மட்டும் இல்லை. எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவராம். யார் அந்த எல்லோரும்? அலகாபாத்தில் தொங்கினவனைக் கேட்டார்களா? கான்பூரில் மண்டியிட்டவனைக் கேட்டார்களா?

"அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே" என்பார் அம்மா. இருக்கிறது. புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். நடுரோட்டில் நிற்கிற பொய்யைத் தினம் கடந்துதானே வேலைக்குப் போகணும்! அதனால்தான் தொண்டர்கள் சுத்தியலோடு ஏறினார்கள், சிறை போனார்கள். 1937-ல், ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில், சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

சிலையை நகர்த்தினால் வேலை முடிந்ததா? பாதிதான். பக்கத்தில் பலகை வேண்டும். சுமார் 60 சொல், நின்றபடி அரை நிமிடத்தில் படித்து முடிக்கணும். வைத்தது யார், எந்த ஆண்டு, யார் பணம், விட்டுப்போனது எது, எதிர்த்தது யார்? இந்த ஐந்துக்கும் பதில் இருக்கணும். "வீரமிகு" போன்ற அடைமொழி ஒன்றுகூடக் கூடாது. நம் எழுத்தில் மேலே புள்ளி, கீழே சுழி. வரிகளை நெருக்கினால் இரண்டடி தள்ளி நிற்கிறவருக்குக் கலங்கும்.

பலகை தாமதமானால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பிரிஸ்டலைப் பாருங்கள். அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலைக்கு 1895-ல் புகழுரை பொறித்தார்கள். அடிமை வணிகத்தைச் சொல்லும் இரண்டாம் பலகைக்கு 2018-ல் வாசகம் எழுதத் தொடங்கி, எந்தச் சொல் இருக்கலாம் என்று சண்டை போட்டு, 2019-ல் நிறுத்திவிட்டார்கள். 2020 ஜூன் 7, மக்களே சிலையைச் சாய்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். பிறகு எடுத்து, மேலே பூசிய சிவப்புச் சாயத்தையும் அழிக்காமல், படுத்த நிலையில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தச் சாயமும் இப்போது வரலாறு!

மணி அடிக்கிறது. ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே.

நீல் சிலைப் போராட்டத்துக்குக் கடலூர் அஞ்சலை அம்மாள் வந்தார். தனியாக வரவில்லை. ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டி வந்தார். தாயும் சிறை, மகளும் சிறை. காந்தி அந்தக் குழந்தையைப் பார்த்தார், லீலாவதி என்று பெயரிட்டார், தன் ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார்.

கர்னலின் வயதைக் கல்லில் வெட்டினார்களே, நாற்பத்தேழு என்று. அதன் பக்கத்தில் எழுதுங்கள் அய்யா: அம்மாக்கண்ணு, வயது 9.